பனி இறங்கும் மாதங்கள்: சூளகிரியில் மார்கழியும் தையும்

தெற்கத்திச் சீமையிலிருந்து சூளகிரி, குருபரப்பள்ளி, ஓசூர் சிப்காட்டுகளுக்கு வேலைக்கு வருகிறவர்கள், முதல் ஆண்டு மார்கழியில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஷிப்ட் முடிந்ததும் அறைக்குள் போய்க் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்கிறார்கள். அடுத்த ஷிப்ட் பஸ் வரும்வரை போர்வைக்குள் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள். ஜனவரிக் கடைசியில் பார்த்தால் உதடு வெடித்திருக்கும், முகம் வாடியிருக்கும், ‘எப்போ ஊருக்குப் போவோம்’ என்பதே பேச்சாக இருக்கும்.

இந்த அத்தியாயம் அவர்களுக்காக. சொல்ல வருவது ஒன்றுதான்: இந்த ஊரின் நல்ல பொருள்களில் பாதி பனியால் விளைபவை. கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவர் கைக்கு அவை வந்து சேராது. ஒரு குல்லா, நனைந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு ஜோடிச் செருப்பு, விடிந்தபின் ஓர் அரை மணி நேரம். இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

குளிர் எங்கிருந்து வருகிறது

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி தாண்டியதும் மேலுமலை ஏற்றம் தொடங்குகிறது. லாரிகள் கியர் மாற்றித் திணறும் அந்த ஏற்றத்தைக் கடந்துவிட்டால் காற்றே வேறு. கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். ஓசூர் 900 மீட்டரை ஒட்டியது. சூளகிரி இரண்டுக்கும் நடுவில், பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிகிறது. மண்ணில் ஈரம் இன்னும் இருக்கிறது. மேகம் இல்லாத இரவில், பகலில் வாங்கிய சூட்டை நிலம் வேகமாக மேலே விட்டுவிடுகிறது. காற்றும் அசையாமல் இருந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் இலைமேல் துளியாகப் படிகிறது. இன்னும் குளிர்ந்தால் மூடுபனியாக மிதக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்து வழியும். மேட்டில் இருக்கும் உங்கள் காலனி தெளிவாக இருக்கும்போதே கீழே ஏரிக்கரையும் ஓடையும் வெள்ளையாக மூடிக் கிடப்பது இதனால்தான். பனி பார்க்க வேண்டுமென்றால் மேட்டில் நின்று பள்ளத்தைப் பாருங்கள்.

ஓசூர்ப் பக்கம் டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரி வரை இறங்குவதுண்டு. பக்கத்துப் பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13 அன்று. வெண்பனி கொட்டுவதற்கு இதெல்லாம் போதாது. ஆனால் செடிகளின் குணத்தை மாற்றவும், பூவைப் பூக்கவைக்கவும், காயில் வாசனை ஏற்றவும் இந்தக் குளிரே தாராளம்.

நேரக் கணக்கு ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டிசம்பர் 21 அன்று பகல் மிகக் குறைவு என்பது சரி. ஆனால் நம் அட்சரேகையில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அன்றைக்கு அல்ல. ஜனவரி மூன்றாம் வாரத்தில், ஏறத்தாழ 6.45 மணிக்கு. மிகச் சீக்கிரம் அஸ்தமிப்பது நவம்பர் மூன்றாம் வாரத்தில். ஆக, மார்கழி பிறக்கும்போதே மாலை வெளிச்சம் நீளத் தொடங்கிவிட்டது. ஜெனரல் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்குத் தை மாதத்தில் கையில் கொஞ்சம் வெயில் மிஞ்சும். சி ஷிப்ட் முடித்து விடியலில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களுக்கோ ஆண்டின் மிக அழகான மணி நேரம் நேராகக் காலடியில் வந்து கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய்த் தூங்கிவிடாதீர்கள். ஓர் அரை மணி நேரம் கழித்துத் தூங்கினால் தூக்கம் குறைந்துபோகாது.

நார்வேயின் வடக்கே டிராம்சோ என்ற நகரம் இருக்கிறது. நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் வருவதேயில்லை. கேரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014-இல் அங்கே போய்த் தங்கி, மக்கள் குளிர்காலத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். வடக்கே போகப் போக, குளிர்காலத்தை நல்லவிதமாகப் பார்க்கிறவர்களே அதிகம் என்று கண்டார். அவர்கள் குளிர் போகட்டும் என்று காத்திருப்பதில்லை. வெளியே நடக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் கூடுகிறார்கள். நம்மிடமும் இது இருந்தது. மாதங்களிலேயே குளிர்ந்த மாதத்தில், அதுவும் விடியுமுன், வாசலில் சாணம் தெளித்துக் கோலம் போடச் சொன்னவர்கள், தெருவில் பாடிக்கொண்டு போகச் சொன்னவர்கள், ஆளை வீட்டுக்குள் முடங்கவிடக் கூடாது என்பதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். சூளகிரியில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கின்றன. மார்கழிக் காலையில் நடந்தால் மூன்று வீட்டுக் கோலத்தையும் ஒருங்கே பார்க்கலாம். சாண உருண்டையில் செருகிய பூசணிப்பூ பகலில் வாடிவிடும். ஏழு, ஏழரைக்குள் போய்விடுங்கள்.

விடிந்தபின் அரை மணி நேரம்

முதலில் இடம். சூளகிரியில் எங்கே நின்றாலும் சூலம்போல் முனைகொண்ட அந்த மலை தெரியும். மூடுபனி தாழ்வாகக் கிடக்கும் நாளில் ஊர் மறைந்து மலையின் முனை மட்டும் மேலே நிற்கும். இதைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. ஊருக்குச் சற்று விலகி, கொத்தமல்லித் தோட்டங்கள் இருக்கும் பக்கம் ஏதாவது ஒரு மண்பாதை போதும். நேரம் ஏழிலிருந்து எட்டரை வரை. சூரியன் வந்ததும் பனி கலைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். உதயத்தை ஒட்டியும் அதற்குச் சற்றுப் பின்னும்தான் அது பெரும்பாலும் மிக அடர்த்தியாக இருக்கும்.

அங்கே போய் என்ன பார்ப்பது? குனிந்து பாருங்கள். புல், தக்காளி இலைகளில் இரண்டு வகைத் துளிகள் இருக்கும். இலைப்பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாக வெண்மை பூசியதுபோல் இருப்பது காற்றிலிருந்து வந்த பனி. இலையின் நுனியிலோ விளிம்பிலோ சம இடைவெளிவிட்டு உருண்டு திரண்டு நிற்கும் பெரிய துளிகள் பனியே அல்ல. இரவில் வேர் உறிஞ்சிய நீரைச் செடி தன் இலை விளிம்புத் துளைகள் வழியாக வெளியேற்றியது. தக்காளி இலையில் இது மாலை கோத்ததுபோல் தெரியும். ஒருமுறை வேறுபாடு புரிந்துவிட்டால் பிறகு எந்தத் தோட்டத்தையும் சும்மா கடந்துபோக மனம் வராது.

ஒரு துளிக்கு மிக அருகில் போனைக் கொண்டுபோங்கள். துளிக்குள் பின்னால் இருக்கும் காட்சி தலைகீழாகத் தெரியும். மலை இருக்கும் திசையைப் பின்னணியாக வைத்தால் துளிக்குள் மலை கவிழ்ந்து நிற்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். 1885-இல் நுண்ணோக்கியையும் கேமராவையும் இணைத்து ஒற்றைப் பனிச்செதிலைப் படமெடுத்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேற்பட்ட பனிச்செதில்களைப் படமாக்கினார். பெரிய படிப்பு எதுவும் இல்லாத, பால்மாடு வைத்திருந்த மனிதர். தன் ஊரில் கொட்டியதையே அவர் பார்த்தார். நம் ஊரில் இறங்குவது துளி, அதைப் பார்ப்போம்.

அடுத்தது நான் எல்லோரையும் செய்துபார்க்கச் சொல்வது. பனி படிந்த புல்வெளியில் இளவெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் நிழல் நீளமாக விழும். நிழலின் தலையைச் சுற்றி மட்டும் புல் பளீரென்று ஒளிரும். பக்கத்தில் நிற்பவரின் தலையைச் சுற்றி உங்களுக்கு அந்த ஒளி தெரியாது. அவருக்கு அவர் தலையில்தான் தெரியும். ஒவ்வொரு துளியும் வெயிலைக் குவித்து இலைமேல் போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்புவதால் இப்படி. நண்பர்களோடு போய் ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். ‘எனக்குத்தான் ஒளிவட்டம்’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், எல்லோர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். மூடுபனி மெலிந்து வெயில் ஊடுருவும் நேரத்தில், சூரியனுக்கு எதிர்த்திசையில், நிறமில்லாத வெள்ளை வில் ஒன்றும் சில நாள் வளையும். வானவில்லைப் போன்றதுதான். மூடுபனித் துளிகள் மிகச் சிறியவை என்பதால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வெளுத்துவிடுகின்றன.

வேலிமுள்ளில் சிலந்தி வலைகள், கம்பிகளில் வரிசையாகத் தகைவிலான் குருவிகள், ஆலை வளாகப் புல்தரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் வாலாட்டிகள். தகைவிலான்களும் வாலாட்டிகளில் பல இனங்களும் வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவை. நமக்குக் குளிர்கிற இந்த இடம் அவற்றுக்குக் கதகதப்பு.

தோட்டத்துக்குள் இறங்குமுன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். ‘அண்ணா, வரப்புமேல நின்னு பார்த்துட்டுப் போறேன்’ என்றால் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அவரிடம் பனியைப் புகழ்ந்து பேசுமுன் கொஞ்சம் யோசியுங்கள். இலை ஈரம் காயாமல் நாள்கணக்கில் இருந்தால் பூஞ்சை நோய் ஏறும். ரோஜாவுக்கும் மாம்பூவுக்கும் அது பெருங்கேடு. பட்டுப்புழு வளர்க்கிறவர் மனையைச் சூடாக வைக்க இரவில் எழுந்து எழுந்து பார்க்க வேண்டியிருக்கும். நமக்குக் காட்சியாக இருப்பது அவருக்கு மருந்துச் செலவு. ‘இந்த வருஷம் பனி எப்படிங்கண்ணா?’ என்று கேட்டால் போதும், அவரே சொல்வார். அந்தப் பேச்சிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்வது இந்தப் புத்தகத்தில் இருப்பதைவிட அதிகமாக இருக்கும்.

போகக் கூடாத இடங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிவிடாதீர்கள். ராகி முற்றும் காலத்தில்தான் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கு அருகிலுள்ள சானமாவுக் காடு வரை வருகின்றன. அங்கிருந்து சில கூட்டங்கள் சூளகிரிப் பக்கத்துக் காடுகளுக்கும் போகின்றன. பேரண்டப்பள்ளி அருகே தேசிய நெடுஞ்சாலையையே கடக்கின்றன. பகலில் காட்டில் இருந்துவிட்டு இரவில் கொல்லைக்கு இறங்கி, விடியும் நேரத்தில் திரும்புகின்றன. அதாவது நீங்கள் பனி பார்க்கப் போக நினைக்கும் அதே நேரம். மூடுபனியில் இருபதடி தூரத்தில் நிற்கும் யானையும் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். காட்டை ஒட்டிய பாதை, ராகிக் கொல்லை, தைலமரத் தோப்பு ஆகிய இடங்களுக்கு எட்டு மணிக்கு முன் போகாதீர்கள். போவதானால் டீக்கடையில் கேளுங்கள்: ‘ராத்திரி ஆனை எந்தப் பக்கம்ணா?’ அந்தந்த ஊர் டீக்கடைக்குத்தான் இந்தச் செய்தி முதலில் வரும். வனத்துறையின் எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் காலனித் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யானையைப் படமெடுக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். பரண் கட்டி, டார்ச்சும் பட்டாசுமாக இரவெல்லாம் விழித்துக் கொல்லையைக் காத்த குடும்பத்துக்கு உங்கள் வீடியோ உதவாது.

இரண்டாவது, சாலை. மேலுமலையில் பனி அடர்ந்த காலையில் பைக் ஓட்டவேண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். உயர்த்தி வைத்தால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். சர்வீஸ் ரோட்டில் இறங்கி, அதையும் விட்டு விலகிய பிறகே நிறுத்தவேண்டும். கிராமச் சாலைகளில் அறுத்த ராகிக் கதிரை வண்டிகள் மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். நனைந்த கதிரில் டயர் வழுக்கும். சுற்றிப் போங்கள்.

மூன்றாவது, வெள்ளையாக இருப்பதெல்லாம் பனியல்ல. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் தண்ணீர் திறக்கும்போது வெண்ணுரை ஆளுயரத்துக்குக் குவிவதுண்டு. பெங்களூரிலிருந்து வரும் கழிவுநீரின் நுரை அது. பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடுவதையும் படமெடுப்பதையும் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. அருகில் போகாதீர்கள், யாரையும் போகவிடாதீர்கள்.

மூடுபனியில் புகைநாற்றம் கலந்திருந்தாலும் நடைப்பயிற்சி வேண்டாம். தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே ஏறாததால் குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் அதிலேயே தங்கிவிடுகின்றன. மூச்சிரைப்பு உள்ளவர்கள் வெயில் ஏறியபிறகு போகலாம்.

சந்தையும் அடுப்பும்

சூளகிரிக் கொத்தமல்லிக்குத் தனிப் பேர். காமன்தொட்டி, அட்டகுறுக்கி, உத்தனப்பள்ளி, பேரிகைப் பக்கமெல்லாம் விளைந்து, கட்டுக்கட்டாக இங்கே வந்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் கேரளத்துக்கும் போகிறது. விதையை இரண்டாக உடைத்து விதைத்தால் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் தழை பிடுங்கலாம். கோடைவெயிலில் சீக்கிரம் பூத்துவிடும் செடி, குளிரில் பொறுமையாக இலைவிட்டுத் தழைக்கும். அதனால் மார்கழித் தழையில் மென்மையும் மணமும் சேர்ந்திருக்கும். விலை ஒருநாள் ஏறும், ஒருநாள் பிடுங்கும் கூலிக்கே தேறாது. விலை இறங்கிய நாளில் ஒரு பெரிய கட்டாகவே வாங்கி, அறையில் இருக்கும் எல்லோருக்கும் துவையல் அரையுங்கள். வேரோடு வாங்குங்கள், வேரைக் கழுவித் தட்டி ரசத்தில் போட்டால் அந்த ரசத்தின் வாசனை வாசல்வரை வரும்.

ஆனால் பனிக்காலத்தின் அரசி அவரைதான். பந்தலில் ஏறும் பொரியல் அவரையைச் சொல்லவில்லை. ராகிக் கொல்லையில் ஊடுபயிராக நின்று, ராகி அறுத்தபின் தனியே படர்ந்து காய்க்கும், கொட்டை உரித்துச் சமைக்கும் அவரை. மற்ற மாவட்டத்துக்காரர்கள் மொச்சை என்பீர்கள். நாட்டு அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும், உரம் போட்டாலும், இரவு நீளாமல் பூ வைக்காது. டிசம்பரில் வரத்து தொடங்கி பிப்ரவரி வரை இருக்கும். பனி விழுந்த காயின் தோலில் பிசுபிசுப்பும் ஒரு தனி வாசனையும் ஏறுகிறது. காயை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தே வாங்குவார்கள். நீங்களும் கூச்சப்படாமல், ‘அக்கா, கொல்லைக் காயா? வாசம் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். உரித்த கை மறுநாள்வரை மணக்கும்.

உரித்த கொட்டையைச் சில மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் தங்கி, பச்சைப் பருப்பு துள்ளி விழும். இதுதான் பிதுக்கு பருப்பு. ஒருவராக உட்கார்ந்தால் ஒரு கிலோ முடிவதற்குள் சலித்துவிடும். அறையில் இருக்கும் நான்கு பேரும் பாத்திரத்தைச் சுற்றி உட்காருங்கள். குளிர்கால இரவில் போனைக் கீழே வைக்கவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஈரக் கையால் திரையைத் தொடவே முடியாது. ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த பையன் பக்கத்து அறையில் இருப்பான், அவனையும் கூப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் பருப்புப் பிதுக்கத் தெரியும். அவன் ஊர் சமையலை அடுத்த வாரம் அவன் காட்டுவான்.

குழம்புக்கு: சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளியை எண்ணெயில் வதக்குங்கள். தேங்காய், பச்சைமிளகாய், இஞ்சி, பட்டை, கிராம்பு, கொஞ்சம் கசகசா, ஒரு கை கொத்தமல்லித் தழை எல்லாவற்றையும் அரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். பருப்பைக் கடைசியில் போடுங்கள். தோல் இல்லாததால் சீக்கிரம் வெந்துவிடும், குழையவிடக் கூடாது. இதற்கு ஜோடி ராகிக் களி. தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் மாவட்டம் கிருஷ்ணகிரி. புது ராகி அரைத்த மாவு இந்த நாளில்தான் கிடைக்கும். கொதிக்கும் தண்ணீரில் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் கோலால் கிளறி, தண்ணீர் தொட்ட கையால் உருட்டிச் சூடாகச் சாப்பிடவேண்டும். களியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும் என்று உள்ளூர்க்காரர் சொல்லித்தருவார். முதல் தடவை வராது. மூன்றாம் நாள் வந்துவிடும்.

அறைக்குள்

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அலமாரியில் இருக்கும் பாட்டிலைப் பார்த்தே அறைக் குளிரை அளந்துகொள்ளலாம். உறைந்திருக்கும் நாள்களில் குளிப்பதற்கு முன்பே வெயிலில் வைத்து இளக்கி, உதட்டிலும் குதிகாலிலும் தடவுங்கள். வறண்ட குளிரில் தாகம் தெரியாது. தண்ணீர் குடிக்க மறப்பதால்தான் பாதித் தலைவலி.

சி ஷிப்ட் ஆட்கள் பகலில் தூங்குமுன் போர்வையைக் காயப்போடுங்கள். பதினொரு மணி வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த போர்வையின் மணமும் சூடும் மார்கழியின் தனிச் சொத்து. இதற்காகவே மொட்டைமாடி உள்ள வீடாகப் பார்த்து வாடகைக்கு எடுக்கச் சொல்வேன்.

குளிர் காய்வதானால் வெளியே, திறந்த இடத்தில். கரி அடுப்பையோ தணல் சட்டியையோ அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தித் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். மலை ஊர்களில் சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். ஒரு கம்பளி அதிகம் வாங்குங்கள், சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், தலையை மூடிக்கொள்ளுங்கள்.

இரவு வானம்

மழைமேகம் போய், புழுதி அடங்கிய வானம் இந்த இரண்டு மாதம்தான். ஆலை விளக்குகளும் நெடுஞ்சாலை விளக்குகளும் இல்லாத, ஆனால் காட்டை ஒட்டாத இடமாக ஒரு மொட்டைமாடி கிடைத்தால் போதும். இரவு எட்டு, எட்டரைக்குக் கிழக்கே பார்த்து நின்று, தலையை மெல்ல உயர்த்துங்கள். ஒரு கொத்தாக மங்கிய சின்ன மீன்கள் கார்த்திகை. அதற்குக் கீழே சிவந்த ரோகிணி. இன்னும் கீழே ஒரே நேர்க்கோட்டில் மூன்று மீன்கள். அவற்றுக்கு இடப்பக்கம் செம்மையாக மின்னுவது திருவாதிரை. மார்கழித் திருவாதிரை என்று காலண்டரில் பார்த்துக் களி சாப்பிடுகிற நாளில், பௌர்ணமியை ஒட்டிய நிலவு இதன் அருகேதான் இருக்கும். குளிர்காலத்து முழுநிலவு கோடை நிலவைப்போல் தெற்கே சாய்ந்து போகாது, நள்ளிரவில் உச்சந்தலைக்கு அருகில் வரும். அன்று தெருவிளக்கை அணைத்தாலும் பனிவிழுந்த கூரைகள் தெரியும்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் மிதுன ராசித் திசையிலிருந்து எரிகற்கள் பொழியும். பத்து மணிக்குமேல் தொடங்கி, இரண்டு மணி சுமாருக்கு உச்சம். நிலவு இல்லாத ஆண்டாக இருந்தால் விடிய விடியப் பார்க்கலாம். பாயை விரித்து மல்லாந்து படுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் போனைத் தொடாதீர்கள். பி ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு இது சரியாக வாய்க்கும் நேரம். பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி இருக்கட்டும்.

பொங்கலும் மாம்பூவும்

தை பிறக்குமுன் வேலியோரமெல்லாம் பூளைப்பூ வெள்ளை வெளேரென்று பஞ்சாகப் பூத்திருக்கும். ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலையோடு சேர்த்து வாசலிலும் கொல்லையிலும் காப்புக் கட்டுவார்கள். சந்தையில் கட்டு விற்கும். அதைவிட, உள்ளூர் நண்பரோடு போய்ப் பறித்துவந்து உங்கள் வாடகை அறை வாசலிலும் செருகுங்கள். போகியன்று பழைய துணி, காகிதம் தவிர டயர், பிளாஸ்டிக் எதையும் கொளுத்தவேண்டாம். அந்தப் புகை மறுநாள் பொங்கல் காலைவரை பனியோடு தெருவிலேயே கிடக்கும்.

கன்னட வீடுகளில் சங்கராந்தியன்று எள், வெல்லம், வேர்க்கடலை, கொப்பரை, பொட்டுக்கடலை கலந்து வீடுவீடாகக் கொடுப்பார்கள். உங்களுக்கும் வரும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தராமல் உங்கள் ஊர்ப் பலகாரம் கொஞ்சம் வையுங்கள். ஊருக்குப் போக லீவு கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது: உடன் வேலை செய்யும் உள்ளூர்க்காரரின் வீட்டுக்கு மாட்டுப்பொங்கலுக்குப் போங்கள். கொம்புக்கு வண்ணம் பூச ஒரு கை எப்போதும் குறையும். அதற்குப் பின் வாரக்கணக்கில் மாவட்டம் முழுக்க எருதுவிடும் விழாக்கள் நடக்கும். தடுப்புக்கு வெளியே, ஓட ஓர் இடம் பார்த்து நில்லுங்கள்.

இதே நாள்களில் ரோஜாப் பண்ணைகளில் மும்முரம். பாகலூர், பேரிகை, அமுதகொண்டப்பள்ளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களில், பிப்ரவரி 14-க்கு முன் பூ கைக்கு வரும்படி கணக்குப்போட்டுக் கவாத்துச் செய்திருப்பார்கள். குளிர் கூடினால் மொட்டு தாமதிக்கும், குறைந்தால் முந்திவிடும். ஏற்றுமதிக்குத் தேறாத பூ உள்ளூரில் மலிவாக வரும். தண்டு குட்டையாக இருக்கும், அவ்வளவுதான். அறையில் ஒரு டம்ளரில் வைத்தால் இந்தக் குளிருக்கு ஒரு வாரம் தாங்கும்.

கடைசியாக மாமரம். குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து வந்தால்தான் மா பூக்கும். கிருஷ்ணகிரியின் மாங்கூழ்த் தொழிலே இந்த இரவுகளை நம்பி இருக்கிறது. தை நடுவில் வேப்பனப்பள்ளி, கிருஷ்ணகிரிச் சாலைகளில் பஸ் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தோப்புகளைக் கடக்கும்போது இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை உள்ளே வரும். வேலைக்குப் போகும் வழியில் ஏதாவது ஒரு மரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பாருங்கள்: முதலில் செம்பழுப்புக் கொத்து, பிறகு மஞ்சள், பிறகு கடுகளவு பிஞ்சு. பூக்கும்போது பனி அதிகமாக விழுந்தால் பாதி கருகி உதிரும், தத்துப்பூச்சியும் சேர்ந்துகொள்ளும். எந்த மரத்தில் எவ்வளவு நின்றது என்று தோப்புக்காரரைக் கேளுங்கள். மாசிக்குள் அவர் கணக்குச் சொல்லிவிடுவார், வைகாசியில் எந்தத் தோப்பில் பழம் வாங்கலாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.